ஆட்சேபணையின்றிக் கலைந்து சென்றனர்

நாகஜோதி அந்த ஒரு வரியை மனப்பாடமாகவே வைத்திருந்தாள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதிப் போட்டு, முதல் மனுவுக்குப் பதில் வராமல் இரண்டாவதும் போட்டு, பதிவுத் தபாலில் வாங்கிய நகல் அது. நான்கு வருடங்களுக்கு முன்பு கன்னிமார் ஊத்து சம்பந்தமாக நடந்த விசாரணையின் குறிப்பு. மூன்றாம் பக்கத்தில் கடைசிக்கு முந்தின வரி: "மனுதாரர்களான பளியர் குடியிருப்பினர் கூட்டத்தின் இடையில் ஆட்சேபணையின்றிக் கலைந்து சென்றனர்." அதற்குக் கீழே கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் ஒழுங்காக இருந்தன.

அன்று அவளும் தன் சனமான பளியரோடு அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். மாந்தோப்புக்கும் பட்டாசுக் கம்பெனிக்கும் முதலாளியான தங்கப்பாண்டியன் நாற்காலியை விட்டு எழாமலே, "கெழங்கு தோண்டித் திங்கிற பயலுகளுக்கு ஊத்து ஒரு கேடா? இன்னைக்கு இங்கன இருப்பான், நாளைக்கு வேற மலையிலே கெடப்பான்" என்றார். உடன் வந்தவர்கள் சிரித்தார்கள். பளியர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, வேட்டியில் ஒட்டின மண்ணைத் தட்டிவிட்டு, வெளியே வந்து மலைப் பாதையில் ஏறிவிட்டார்கள். வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னவர் கிடையாது.

அது அவர்கள் வழக்கம். மதிக்காத இடத்தில் இருப்பதில்லை. திட்டினவனைத் திருப்பித் திட்டுவதில்லை, கை ஓங்கினவன் மேல் கை வைப்பதில்லை; எழுந்து போய்விடுவார்கள். புருசன் பெண்சாதிக்குள் முறைத்துக்கொண்டால்கூட ஒருவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த குடியிருப்புக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வருவார். மற்றவர்கள் 'இனி உன் மூஞ்சியிலே முழிக்க மாட்டேன்' என்று கத்துவதை அவர்கள் நடந்து காட்டுவார்கள். அதற்குமேல் கடுமையான மறுப்பு அவர்களிடம் இல்லை. இதெல்லாம் குறிப்பு எழுதிய எழுத்தருக்கு எப்படித் தெரியும்? அவர் கண்ணுக்குத் தெரிந்ததை எழுதி முத்திரை வைத்துவிட்டார்.

அந்த வரியைக் காட்டித்தான் தங்கப்பாண்டியன் அனுமதி வாங்கினார். ஊத்துக்கு மேலே சிமெண்டுத் தொட்டி வந்தது. அதிலிருந்து கறுப்புக் குழாய் இறங்கி அவருடைய மாந்தோப்புக்குப் போனது. நாகஜோதி வாழ்க்கைப்பட்ட அத்திக்கோம்பையில் மாசி பிறந்தால் ஒரு குடம் நிறைய ஒரு மணி நேரம் ஆகும் என்றாயிற்று. அவள் பிறந்த கருங்கல்லோடை இன்னும் கீழே இருந்தது. அங்கே ஓடை என்பது பேரில் மட்டும் மிஞ்சியது.

இந்த ஆவணியில் மறுவிசாரணை வந்தது. ஐந்து குடியிருப்புகள் சேர்ந்து, வன உரிமைச் சட்டப்படி ஊத்தையும் அதைச் சுற்றிய சரிவையும் சமூக உரிமையாகக் கேட்டு ஒரே மனுவாகப் போட்டிருந்தார்கள். மூன்று குடியிருப்புகள் இந்த மாவட்டம். ஒன்று மலைக்கு அந்தப்பக்கம், தேனியைச் சேர்ந்தது. இன்னொன்று தென்காசி எல்லையில். இந்த முறையும் எழுந்து போனால் மனு முடித்து வைக்கப்படும். அப்புறம் கேட்க வழியே இல்லை. வன உரிமைக் குழுச் செயலாளர் என்ற முறையில் நாகஜோதிக்கு வந்த கடிதம் அதைத் தெளிவாகவே சொல்லியிருந்தது. விசாரணை வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, அடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஐந்து ஊர் ஆட்களும் அத்திக்கோம்பை நாவல் மரத்தடியில் கூடினார்கள். காலையில் நல்லபடியாகத்தான் போனது. வள்ளிக்கிழங்குக்கு இந்த வருடம் எந்தச் சரிவைத் தொடாமல் விடுவது, பங்குனிக்கு முன்னால் தீத்தடுப்புக் கோடு வெட்ட எந்த ஊர் எத்தனை ஆள் அனுப்புவது, கிராமச் செவிலியர் ஞானபூரணி எந்தக் கிழமை எந்தக் குடியிருப்புக்கு வருவது என்று எல்லாம் பேசி முடித்தாயிற்று. ஊத்துப் பேச்சு எடுத்ததும்தான் வெயில் ஏறினது போல ஆனது.

கருங்கல்லோடை பலவேசம் நாகஜோதியின் கூடப்பிறந்த அண்ணன். மரத்தில் சாய்ந்து, கையில் இருந்த குச்சியைச் சீவிக்கொண்டே சொன்னான்: "பகல்லே அந்தாளு வேனுல ஏறிப் போயி அவருக்கே திரி வெட்டுறீக. ஞாயித்துக்கெழமையானா அவரு மேலயே மனு எழுதுறீக. இதுலே நான் எந்தப் பக்கம் ஒக்காரணும்?"

மலைக்கு அந்தப்பக்கத்துக் கூப்புமலையிலிருந்து வந்த பொன்னுத்தங்கம் அவனுக்கு முறைப்பெண். வாய்க்குப் பூட்டு கிடையாது. "நீ எந்தப் பக்கமும் ஒக்கார வேண்டாம் மச்சான். ஒக்கார்ற வேலைதான் ஒனக்கு ஆகாதே!"

எல்லோரும் சிரித்தார்கள். நாகஜோதி அந்தச் சிரிப்போடு விட்டிருக்கலாம். நான்கு வருடக் கோபம் அவளை விடவில்லை. பையிலிருந்து நகலை எடுத்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். வாசித்துவிட்டு, "இதுக்கு என்ன அர்த்தம் தெரியுமாண்ணே? அவரு ஊத்தை எடுத்துக்கிடட்டும், எங்களுக்குச் சம்மதம்னு அர்த்தம். அன்னைக்கு மொத ஆளா எந்திரிச்சது யாரு? நீதானே? ஒன் பின்னாலதானே அம்புட்டுப் பேரும் எந்திரிச்சோம்? ஊத்தை அவருக்குத் தூக்கிக் குடுத்தது நீதாண்ணே" என்றாள்.

ஐந்து ஊர் சனத்துக்கு முன்னால் சொன்னாள். சொல்லி வாயை மூடுவதற்குள் அது தங்கப்பாண்டியன் செய்த அதே காரியம் என்று அவளுக்கே உறைத்துவிட்டது. பலவேசம் குச்சியைக் கீழே போட்டான். கத்தியை இடுப்பில் செருகினான். எழுந்தான்.

நாகஜோதி ஓடிப்போய்ப் பாதையை மறித்து நின்றாள். அவர்களில் ஒருவர் போகும்போது இன்னொருவர் குறுக்கே நிற்பது என்பது கேவலம். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"போகாதண்ணே. கோவம்னா வையி, வாங்கிக்கிடுதேன். போனா அவுகளுக்குத்தான் லாபம்."

அவன் கல்லைச் சுற்றிப் போவது போல அவளைச் சுற்றிக்கொண்டு போய்விட்டான். கருங்கல்லோடை ஆட்கள் ஒன்பது பேரும் பின்னாலேயே போனார்கள்.

செவ்வாய்க்கிழமை எம். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனியில் நாகஜோதி திரி வெட்டும் அறைக்குத் தங்கப்பாண்டியனே வந்தார். சீசன் உச்சத்தில் இருந்தது. வடக்கே இருந்து லோடுக்கு லாரிகள் வந்து வாசலில் நின்றன. மருந்து புழங்குகிற இடத்துக்கு முதலாளியே ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும். வெறுங்காலோடு வாசற்படியில் நின்று, அவள் வெட்டி அடுக்கின திரிக்கட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"வேலை சுத்தமாத்தான் இருக்கு. வியாழக்கெழமை லீவு கேட்டிருக்கியாமே?"

"ஆமாங்க மொதலாளி. விசாரணை இருக்கு."

"எதுக்கு முழு நாள் லீவு? பத்து நிமிசம் போதும். போன தடவை எட்டு நிமிசத்துல முடிஞ்சது. நான் கடிகாரம் பாத்தேன்." கட்டை அது இருந்த இடத்திலேயே ஒழுங்காக வைத்தார். "எனக்கு ஒன் மேல கோவம் இல்ல, நாகஜோதி. நாயை அடிக்கணும்னாக்கூடக் கம்பு எடுக்கணும். ஒங்க ஆளுகளுக்கு அதுவும் வேண்டாம். ஒரு வார்த்தை போதும். எந்திரிச்சுப் போயிக்கிட்டே இருப்பாக."

அவள் திரியைப் பார்த்தபடியே இருந்தாள். அலுமினியப் பொடி ஏறின விரல்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"என்ன, நீயும் எந்திரிக்கப் போறியா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அவள் எழவில்லை. சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் திரி வெட்டினாள். ஆனால் கை வெட்ட வெட்ட மனசு ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. எதற்கும் எழாமல் எங்கள் ஆட்கள் இருக்கிற இடம் ஒன்றாவது இருக்கிறதா?

ஒன்று இருந்தது. தேன் பாறை.

பாறையில் தேன் எடுக்க இறங்குகிறவனுக்கு மேலே கயிறு பிடிப்பவன் அவன் பெண்சாதியின் அண்ணனாகவோ தம்பியாகவோதான் இருக்க வேண்டும். தன் கூடப்பிறந்தவள் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்பதால் அவன் விடமாட்டான். தேனீ இமையில் கொட்டினாலும் விடமாட்டான், மூத்திரம் முட்டினாலும் எழமாட்டான். கீழே இருப்பவன் நிமிர்ந்து பார்க்க முடியாது, புகையில் குரலும் ஏறாது. கயிற்றை இரண்டு முறை இழுப்பான். 'இருக்கேன், விட்டுராதே' என்று அர்த்தம். நாகஜோதியின் புருசன் ஊர்க்காவலனுக்குப் பன்னிரண்டு வருடமாகக் கயிறு பிடிப்பவன் பலவேசம்தான். முந்தின நாள் கயிற்றை மச்சான் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டால் போதும், கேட்க வேண்டியதில்லை. வைத்த கயிற்றை மறுத்தவன் என்று இதுவரை ஒருவனும் கிடையாது.

புதன்கிழமை வேலை முடிந்து, இருட்டுவதற்கு முன்னே அவள் கருங்கல்லோடைக்கு நடந்தாள். தோளில் காட்டுக் கொடி முறுக்கின அந்தக் கயிறு. ஊர்க்காவலன்தான் எடுத்துக் கொடுத்தான். "பாறையிலே இறங்கலேன்னா அதை வாசல்லே வைக்கக் கூடாதுத்தா. பொய்க் கயிறு வச்சா ஒங்க அண்ணன் ஆயுசுக்கும் பேச மாட்டான்" என்று சொல்லித்தான் கொடுத்தான்.

பலவேசம் வாசலில் முறம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் முதுகைத் திருப்பிக்கொண்டான். அவள் கயிற்றைச் சுருளாக வாசலில் வைத்தாள்.

"நாளைக்கு இறங்குறது ஒன் மச்சான் இல்ல. நான். பாறை பள்ளிக்கூடத்துல இருக்கு" என்றாள். "அன்னைக்கு அம்புட்டுப் பேரு முன்னால ஒன்னைய வாசிச்சுக் காட்டினது தப்பு. ஆனா எழுதியிருந்தது தப்பு இல்ல."

அவன் திரும்பவில்லை. அவளும் நிற்கவில்லை.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் பள்ளிக்கூடத்து நீள அறையில் முப்பத்தொன்பது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கருங்கல்லோடை ஆள் ஒருவரும் இல்லை. அதிகாரி அம்மா மேசைக்குப் பின்னால் இருந்தார். பக்கத்தில் எழுத்தர் மகேஷ்குமார் வெள்ளைத் தாளைத் தட்டிச் சரிசெய்தார். சன்னல் ஓரத்து நாற்காலியில் தங்கப்பாண்டியன், கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரே பெஞ்சில் வைத்திருந்தார்.

ஞானபூரணி சிஸ்டர்தான் முதலில் பேசினார். குளிக்கத் தண்ணீர் இல்லாமல் அத்திக்கோம்பையில் பதினேழு பிள்ளைகளுக்குச் சிரங்கு என்று பதிவேட்டைப் பார்த்துச் சொன்னார்.

"சோப்பு வாங்கிக் குடுங்க சிஸ்டர். ஊத்தையா எழுதிக் குடுப்பாக?" என்றார் தங்கப்பாண்டியன்.

"சோப்பை எதுல கரைக்கிறது, உங்க தோப்புலயா?" என்று கேட்டுவிட்டு சிஸ்டர் உட்கார்ந்தார்.

அப்போதுதான் வாசலில் நிழல் விழுந்தது. பலவேசம். பின்னால் ஒன்பது பேர். அவன் தோளில் கயிறு.

"வாலே வா! என்ன, மாடு எதுவும் காணாமப் போச்சா?" என்றார் சன்னல் ஓரத்துத் தங்கப்பாண்டியன். உடன் வந்தவர்கள் சிரித்தார்கள்.

"அது என்ன கயிறு?" என்று அதிகாரி கேட்டார்.

"தேன் கயிறுங்க."

"இங்க எதுக்குப்பா?"

"தங்கச்சி இறங்குதுங்க" என்றான் பலவேசம். அதிகாரிக்குப் புரியவில்லை. ஆயுதம் இல்லை என்று மட்டும் பார்த்துக்கொண்டு கையசைத்தார்.

அவன் கடைசிச் சுவரோரம் உட்கார்ந்து, கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு, மறு முனையை முன்னால் கொடுத்தான். சொல்லாமலே அது கைக்குக் கை மாறியது. பொன்னுத்தங்கம் வாங்கி அடுத்தவரிடம் கொடுத்தாள். வாங்கினவர்கள் முனையை அனுப்பினார்கள், கயிற்றை விடவில்லை. கடைசியில் அது மேசைக்கு முன்னால் நின்ற நாகஜோதியின் கைக்கு வந்தது. அவள் உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

மனுவை வாசித்தாள். ஐந்து ஊர் பெயர், எல்லை, ஊத்து, எந்தச் சரிவை எந்த ஊர் பார்த்துக்கொள்ளும் என்ற விவரம். வரைபடத்தை மேசையில் விரித்தாள். பாதி வாசிக்கையில் தங்கப்பாண்டியன் ஆரம்பித்தார்.

"அம்மா, இவுக காட்டைப் பாதுகாப்பாகளாம். வேட்டி துவைக்கத் தெரியாது, காடு தெரியுமாம்!"

யாரும் அசையவில்லை.

"இவ எங்கிட்டத்தான் திரி வெட்டுதா. நான் போட்ட சோத்துல வந்த தெம்புலதான் நின்னு பேசுதா. கேட்டுப் பாருங்க."

நாகஜோதிக்குக் காது சுட்டது. வாசித்துக்கொண்டே போனாள். முதுகுக்குப் பின்னால் துணி சரசரக்கும் சத்தம். இரண்டு மூன்று பேர் குத்துக்காலிட்டுவிட்டார்கள் என்று திரும்பாமலே தெரிந்தது. தங்கப்பாண்டியன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நேராகக் கடைசி வரிசைக்குப் பேசினார்.

"ஏலே பலவேசம், போன தடவை மொத எந்திரிச்சவன் நீதானே? ஒன் தங்கச்சியே ஊரைக் கூட்டி வச்சு ஒன்னையக் கேவலமா வாசிச்சாளாமே? அதுக்கப்புறமும் அவ பின்னால வந்து ஒக்காந்திருக்கே, வெக்கங்கெட்ட பயலே! எந்திரிலே. நேரமாச்சு. கௌம்பு."

அவன் எழுந்தால் நாற்பத்தெட்டுப் பேரும் எழுவார்கள். நாகஜோதியின் உள்ளங்கையில் இறுக்கமாக இருந்த கயிறு தளர்ந்தது. பின்னால் ஒருவன் எழுவதற்கு முழங்காலை ஊன்றினால் எப்படித் தளருமோ, அப்படி.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பாறையில் தொங்குகிறவன் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கயிற்றை இரண்டு முறை இழுத்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. வரைபடத்தின் ஓரம் மின்விசிறிக் காற்றில் படபடத்தது. மகேஷ்குமார் பேனாவுக்கு மூடி மாட்டினார்.

பிறகு கயிறு இறுகியது. அவள் கை பின்னால் இழுபடும் அளவுக்கு இறுகியது. தரையில் ஒரு ஆள் பொத்தென்று உட்கார்ந்த சத்தம் கேட்டது. குத்துக்காலிட்டவர்களும் உட்கார்ந்தார்கள்.

"எந்திரிலேன்னு சொல்லுதேன்!" தங்கப்பாண்டியனே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "சொரணை இருக்கா ஒங்களுக்கு? இருந்தா இங்கன ஒக்காந்திருப்பீகளா?"

"நீங்க உட்காருங்க சார்" என்றார் அதிகாரி.

நாகஜோதி மிச்ச மனுவையும் வாசித்து முடித்தாள். பிறகு மகேஷ்குமாரைப் பார்த்தாள். "சார், இதுவரைக்கும் எழுதுனதை வாசிங்க."

"அதெல்லாம் முடிச்சுட்டு அனுப்பி வைப்போம்மா."

"போன தடவை அனுப்பி வச்சதைத்தான் நாலு வருசம் கழிச்சுப் பாத்தோம். வாசிங்க சார்."

அவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தலையசைத்தார். மகேஷ்குமார் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்: "எதிர்மனுதாரர் தமது ஆட்சேபணைகளை விரிவாக எடுத்துரைத்தார். மனுதாரர்கள் அமைதியாக அமர்ந்திருந்தனர்."

"அமைதியா இல்ல சார்" என்றாள் நாகஜோதி. "கோவமா இருந்தோம். கோவத்தோட எந்திரிக்காம இருந்தோம். தொட்டிக்கு எங்களுக்கு ஆட்சேபம் இருக்கு, குழாய்க்கு ஆட்சேபம் இருக்கு. அஞ்சு ஊருக்கும் இருக்கு. அப்படி எழுதுங்க."

"ஊருக்கு ஒருத்தர் சொல்லுங்க, பதிவு பண்ணட்டும்" என்றார் அதிகாரி.

கூப்புமலைக்குப் பொன்னுத்தங்கம் சொன்னாள். மற்ற ஊர்க்காரர்களும் சொன்னார்கள். ஆள் பழக்கமில்லாத இடத்தில் உரக்கப் பேசியறியாதவர்கள். எழுத்தர் இரண்டு முறை கேட்டு எழுத வேண்டியிருந்தது. கருங்கல்லோடை முறை வந்தபோது பலவேசம் உட்கார்ந்தபடியே சொன்னான்: "எனக்கு ஆட்சேபம் இருக்குங்க. அன்னைக்கும் இருந்துச்சு. எந்திரிச்சுப் போனதே அதுதாங்க. அதையும் எழுதிக்கிடுங்க."

மகேஷ்குமார் பேனாவை எடுத்தபடி யோசித்தார். பிறகு அப்படியே எழுதினார்.

மனு முடித்து வைக்கப்படவில்லை. ஐந்து ஊர் ஆட்களோடு சேர்ந்து சரிவைக் கூட்டு அளவை செய்ய வேண்டும், அது முடியும் வரை தொட்டியின் வாய் அடைக்கப்பட வேண்டும் என்று அதிகாரி உத்தரவு எழுதினார். அளவை திங்கட்கிழமை. தங்கப்பாண்டியன் கடிகாரத்தை மாட்டிக்கொள்ளாமல் கையில் பிடித்தபடியே நாகஜோதிக்குப் பக்கத்தில் வந்தார்.

"நாளைக்கு வேன் வரும்லா, அப்பப் பாரு" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறே கால் மணிக்கு வேன் வந்தது. அத்திக்கோம்பை ரோட்டு விலக்கில் பதினொரு பெண்கள் தூக்குவாளியோடு நின்றார்கள். டிரைவர் தனுஷ்கோடி கதவைத் திறந்தவர், யாரையும் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொன்னார்: "நாகஜோதி மட்டும் ஏற வேண்டாம்னு மொதலாளி சொல்லிட்டாக. இன்னைக்குன்னு இல்ல, இனிமேட்டுக்கே. மத்தவுக ஏறுங்கத்தா. இன்னைக்குள்ளே லோடு ஏத்தணும், ஆர்டர் கெடக்கு."

நாகஜோதி ஒதுங்கி வழிவிட்டாள். அவர்களுக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். யாரையும் அவள் குறை சொல்ல மாட்டாள்.

முதல் படியில் கால் வைத்திருந்தவள் காலை எடுத்தாள். ஒருத்தி தூக்குவாளியை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொண்டு திரும்பினாள். அடுத்தவள் திரும்பினாள். பத்துப் பேரும் வேனுக்கு முதுகைக் காட்டி, ரோட்டைக் கடந்து, மலைப் பாதையில் ஏறத் தொடங்கினார்கள்.

தனுஷ்கோடி ஆரனை அடித்தார். விடாமல் அடித்தார். "ஏய், சொல்லிட்டாவது போங்கத்தா! சீசன் நேரம்! மொதலாளிகிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்ல?"

கடைசியாக நின்ற நாகஜோதி திரும்பினாள்.

"கலைஞ்சு போயிட்டாகன்னு சொல்லுங்கண்ணே" என்றாள். "போன தடவை மாதிரியே."

மேலே பாதி ஏறினதும் ஆரன் சத்தம் நின்றது. ஊத்துக்குப் போகும் தடத்தில் கருங்கல்லோடை ஆட்கள் அளவைக்காகப் புதர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பலவேசம் அவளைப் பார்த்தான். வெட்டின முள்ளைக் காலால் ஒதுக்கிவிட்டு, இன்னொரு அரிவாளை அவள் பக்கம் தள்ளினான்.